பாதி என்றால் எதில் பாதி? ஒரு யாழ்ப்பாண வேலிப் பிணக்கு

வலிகாமத்தில் ஒரு கிராமம். அடுத்தடுத்து இரண்டு வளவுகள், அதாவது வீட்டுக் காணிகள், ஒவ்வொன்றும் 2 பரப்பு. நடுவே 99 அடி நீளத்துக்கு ஒரு வேலி. 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவிப் புயலோடு வந்த மழையில் அந்த வேலியின் வடக்குப் பகுதியில் 40 அடி அளவு சாய்ந்து விழுந்தது. அதை அடைக்கிற செலவை யார் கொடுப்பது என்று தொடங்கிய கதை, பொலிஸ், கிராம அலுவலர், மத்தியஸ்த சபை என்று அலைந்து முடிய இரண்டு வருடத்துக்கு மேல் பிடித்தது.

ஒரு குடும்பத்தின் கதையை அப்படியே இங்கே எழுதவில்லை. யாருடைய அடையாளமும் வெளிப்படக்கூடாது என்பதற்காக, இந்த வகைப் பிணக்குகளில் திரும்பத் திரும்ப வரும் சங்கதிகளை ஒரே நிகழ்வாகக் கோத்திருக்கிறேன். இரண்டு வளவுக்காரரின் தொகைகளும் அளவுகளும் கணக்கு விளங்குவதற்காக வைத்தவை. சட்டம், நாட்டு நிலைமை, சந்தை விலை எல்லாம் உள்ளபடியே.

வளவும் ஆட்களும்

முன்பு இது 4 பரப்புக் கொண்ட ஒரே வளவு. 1970களில் இரண்டு பெண்பிள்ளைகளுக்குச் சீதனம் கொடுக்கும்போது நடுவே கோடு இழுத்து இரண்டு உறுதி (காணிப் பத்திரம்) எழுதினார்கள். 16 பரப்பு ஓர் ஏக்கர் என்ற கணக்கில் ஆளுக்கு 20 பேர்ச், அதாவது 5,445 சதுர அடி. தெற்கே ஒழுங்கை, அதுதான் ரோட்டுப் பக்கம். வடக்கே, வளவின் பின்பக்கம், கிழக்கு வீட்டின் ஆட்டுக்கொட்டில்.

கிழக்கு வளவில் மூத்த சகோதரியின் மகள் இருக்கிறார். வயது அறுபது தாண்டியவர், கணவர் இல்லை, ஏழெட்டு ஆடுகள் வைத்திருக்கிறார். மேற்கு வளவு இளைய சகோதரியின் மகனுக்குரியது. அவர் சிட்னியில். அவருடைய மனைவியின் தம்பி அற்றோணித் தத்துவத்தோடு, அதாவது அவருக்காகச் செயற்படும் எழுத்து அதிகாரத்தோடு, அந்த வீட்டில் இருந்து வளவைப் பார்க்கிறார். சிட்னிக்காரருக்கும் மைத்துனருக்கும் கிழக்கு வீட்டுக்காரி ‘அக்கா’தான். நல்லது கெட்டதற்கு இரண்டு வீடும் ஒன்றாகவே நின்றிருக்கின்றன. யாழ்ப்பாணத்து வேலிப் பிணக்குகளில் கணிசமானவை இப்படிச் சொந்தக்காரருக்கு இடையிலேயே வருகின்றன. சீதனத்துக்காக வளவை உடைத்துக்கொண்டே போனால் வேலிக்கு அங்கால் இருப்பது பெரியம்மாவோ சின்னம்மாவோதானே.

வேலியைப் பற்றியும் சொல்லவேண்டும். கிளுவை, பூவரசு, முள்முருக்கு என்று உயிர்க் கதியால் (நட்டால் தளிர்க்கும் தடி) வரிசை, குறுக்கே வரிச்சுத் தடி, அதிலே கட்டிய பனையோலை. ஓலை உக்க உக்க மாற்றவேண்டும். கதியால் பட்டுப்போனால் மாரி தொடங்கும்போது புதிது நட்டால் பிடித்துக்கொள்ளும். ஆக இந்த வேலிக்குச் செலவு ஒருதரம் செய்து ஓய்வதில்லை, வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டே இருக்கும். வரவும் உண்டு. கதியாலில் வெட்டும் குழை ஆட்டுக்குத் தீனி, தோட்டத்துக்குத் தாழ்த்தப் பசளை. தடித்த பூவரசு மரவேலைக்கு உதவும். மதில் கட்டுகிறோம் என்று சொல்கிறவர்கள் இந்த வரவைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தபோது இரண்டு வீடும் பூட்டிக்கிடந்தன. அடுத்த ஆண்டு திரும்பி வந்து பார்க்க, ஓலை ஒன்றும் இல்லை, சில கதியால் மரமாகிவிட்டது, சில இடத்தில் கதியாலே இல்லை. இடைவெளிகளைக் கண்மட்டத்தில் நிரப்பினார்கள். எல்லைக்கல்லைத் தேடிப் பார்க்க அப்போது யாருக்கு மனம் இருந்தது? இந்தக் கண்மட்டக் கணக்கு இருபத்தைந்து வருடம் கழித்துத் திரும்பி வந்தது.

இரண்டு கணக்குகள்

2021 ஜனவரியில் மைத்துனர் மேசனைக் கூட்டிவந்து அளந்தார். 99 அடிக்கும் மதில் கட்டினால் 3 இலட்சம் ரூபாய். “அக்கா, ஒவ்வொரு மாரிக்கும் இந்த வேலியோட மாயாமல் ஒரேயடியா மதிலைக் கட்டுவம். பாதி பாதி போடுவம்.” அக்காவின் பங்கு ஒன்றரை இலட்சம்.

அக்கா தன் பக்கத்துக்கு வேலி அடைக்கிற ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டார். விழுந்த 40 அடியைக் கதியால் நட்டு, ஓலை கட்டி அடைக்க 24,000. “பாதி எண்டால் 12,000. அதைத் தாறன். மதில் உங்களுக்குத்தான் தேவை, எனக்கில்லை. இவ்வளவு காலமும் இந்த வேலியின்ர ரோட்டுப் பக்கத்தை நான்தான் அடைச்சனான், ஒருத்தரிட்டையும் காசு கேட்டதில்லை.”

இரண்டு பேரும் பாதி என்றுதான் சொன்னார்கள். ஒன்று 12,000, மற்றது 1,50,000. ஊரார் இதை ‘மதிலா வேலியா’ என்ற வழக்காகப் பார்த்தார்கள். மத்தியஸ்தர்களும் முதல் இரண்டு அமர்வுகளை இதிலேயே செலவழித்தார்கள்.

இதற்கிடையில் மேற்கு வளவின் வாழைக்குட்டிகளை ஆடு தின்றது. மைத்துனர் தன் செலவில் நாலைந்து கொங்கிறீற் தூண் இறக்கி, விழுந்த இடத்தில் நட ஆயத்தப்படுத்தினார். நூல் பிடித்த அன்று அக்கா பொலிசுக்குப் போனார். முறைப்பாட்டில் செலவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ‘எல்லைக்குள் தூண் நடுகிறார்கள்’ என்றுதான் எழுதியிருந்தது. பிணக்கு எதைப் பற்றியது என்பதை அன்றைக்கே அந்தத் தாளில் படித்திருக்கலாம். படிக்காமல் விட்டார்கள்.

பொலிஸ் செய்திருக்கக்கூடியது என்ன? 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ், காணிப் பிணக்கால் சமாதானம் குலையும் என்று கண்டால் நீதிமன்றத்துக்குத் தகவல் கொடுக்கவேண்டும். அங்கே நீதவான் பார்ப்பது யார் உடைமையில் இருந்தார், தகவல் கொடுத்த நாளுக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் யாராவது வெளியேற்றப்பட்டாரா என்பதைத்தான். உரித்து யாருக்கு என்று அங்கே தீர்க்கமாட்டார்கள். மதிலுக்கு யார் எவ்வளவு கொடுப்பது என்பது அந்த வழக்கின் பக்கத்திலேயே வராது. பொலிஸ் அதிகாரி அந்த வழிக்குப் போகாமல் கிராம அலுவலர் மூலம் மத்தியஸ்த சபைக்குத் திருப்பிவிட்டது நல்ல முடிவு.

சபையில்

1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தவை மத்தியஸ்த சபைகள். மத்தியஸ்தர் குழாமிலிருந்து பிணக்குப்பட்ட இரு பகுதியாரும் ஆளுக்கொருவரைத் தெரிவு செய்ய, அந்த இருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தவிசாளராகத் தெரிகிறார்கள். சட்டத்தரணிகள் யாருக்காகவும் தோன்ற முடியாது. இணங்காவிட்டால் இணங்கவில்லை என்று ஒரு சான்றிதழ் கிடைக்கும், அதோடு நீதிமன்றம் போகலாம். சபை தீர்ப்புச் சொல்வதில்லை என்பது பலருக்கு இன்னும் பிடிபடவில்லை. இந்த இருவரும்கூட ‘ஆர் சரி எண்டு சொல்லுங்கோ’ என்றுதான் வந்து இருந்தார்கள்.

முதல் அமர்வில் மைத்துனர் சிட்னியிலிருந்து வந்த செய்தியை வாசித்துக் காட்டினார். “இஞ்ச சட்டப்படி அயலவன் பாதி கட்டத்தான் வேணும்.” அது உண்மை. நியூ சவுத் வேல்ஸில் எல்லை வேலிக்கென்றே 1991இல் ஒரு சட்டம் இயற்றியிருக்கிறார்கள், செலவு சரிபாதி என்பதுதான் அதன் பொது விதி. ஆனால் அதே சட்டத்தில் அடுத்த வரியும் இருக்கிறது. போதுமான ஒரு வேலிக்குத்தான் சரிபாதி. அதற்கு மேலே தரமானது வேண்டும் என்கிறவர் மேலதிகச் செலவைத் தானே ஏற்கவேண்டும். சிட்னிக்காரர் தன் சட்டத்தை முழுதாக அனுப்பியிருந்தால் அது அக்காவின் பக்கம் பேசியிருக்கும்! எப்படியிருந்தாலும் அது இலங்கையில் செல்லாது, இங்கே அப்படி வேலிச் செலவைப் பங்கிடுகிற தனிச் சட்டமும் இல்லை. உறுதியில் என்ன எழுதியிருக்கிறது, இவ்வளவு நாளும் எப்படி நடந்தது, இனி எதற்கு இணங்குகிறார்கள் என்பவைதான் சபைக்கு முன்னால் இருந்தவை. இரண்டு உறுதியிலும் ‘நடுவேலி பொது’ என்று இருந்தது. பொதுவான வேலியை எப்படி அடைப்பது என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இரண்டாம் அமர்வும் தொகையைச் சுற்றியே ஓடியது. மைத்துனர் ஒரு இலட்சத்துக்கு இறங்கினார். பிறகு எழுபத்தையாயிரம். தவணையாகத் தரலாம் என்றார். அக்கா அசையவில்லை. பிடிவாதம் என்று ஒரு மத்தியஸ்தர் சலித்துக்கொண்டார். கடைசியில் மைத்துனர் எழும்பி, “காசே வேண்டாம், முழுவதையும் நாங்களே போடுறம்” என்றார். அக்கா அதற்கும் மாட்டேன் என்றார்.

பிணக்கு தொகையைப் பற்றியது என்றால் அந்த இடத்தில் முடிந்திருக்கவேண்டும்.

பணத்துக்குள் ஒளிந்திருந்த கோடு

மூன்றாம் அமர்வில் தவிசாளர் இருவரையும் தனித்தனியே கூப்பிட்டுப் பேசினார். அக்காவிடம் கேட்டது ஒரே கேள்வி: “முழுக் காசையும் அவை போட்டால் உங்களுக்கு என்ன நட்டம்?”

அக்கா விரலை மடக்கிச் சொன்னார். மேசன் வேலியின் நடுவே நூல் பிடித்தான். பூச்சோடு மதில் 8 அங்குலம். நடுக்கோட்டில் கட்டினால் 4 அங்குலம் தன் பக்கம் வரும், 99 அடிக்கு அது 33 சதுர அடி. அத்திவாரம் 18 அங்குல அகலம், மண்ணுக்குள்ளே இன்னும் உள்ளுக்கு வரும். சரி, அது போகட்டும் என்றாலும் வேலியின் நடுதான் காணியின் நடு என்று யார் சொன்னது? வடக்குப் பக்கத்தில் வேலி தன் பக்கம் தள்ளி வந்திருக்கிறது என்று அவருடைய தாய் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் காசில் மதில் எழும்பினால் அதுதான் எல்லை. தான் பாதிக் காசு கொடுத்தாலோ, ‘நீயும் காசு போட்டுக் கட்டின மதில்தானே’ என்று நாளைக்குக் கேட்பார்கள்.

கொடுத்தாலும் பிழை, கொடுக்காவிட்டாலும் பிழை. அதனால்தான் அவர் எந்தத் தொகைக்கும் இறங்கவில்லை.

மைத்துனரின் பயம் வேறு திசையில் இருந்தது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, எதிர்ப்பில்லாமல் பத்து வருடம் உரிமையாளருக்கு எதிராக ஆண்டால் காணிக்கு உரித்துக் கோரலாம். வெளிநாட்டில் இருக்கிறவர்களின் காணிகளைச் சுற்றி இந்தப் பத்து வருடக் கதை எப்போதும் உலாவிக்கொண்டிருக்கும். ரோட்டுப் பக்கத்து வேலியைக் காலமெல்லாம் அக்காவே அடைத்திருக்கிறார். அங்கே கதியால் மேற்கே தள்ளி வந்திருக்கிறது என்பது அவருடைய எண்ணம். ‘நான்தான் அடைச்சனான்’ என்று அக்கா பெருந்தன்மையாகச் சொன்னது மைத்துனரின் காதில் உரித்துக் கோரலாக விழுந்தது. அத்தானின் காணியில் ஒரு அங்குலம் குறைந்தாலும் பதில் சொல்லவேண்டியவர் அவர். மதிலுக்கு அவர் அவசரப்பட்டதும் அதனால்தான்.

ஆக இரண்டு பேருக்கும் வேலிச் செலவு என்பது எல்லைக்குச் சாட்சி. யாழ்ப்பாணத்தில் இது வெறும் சந்தேகப் புத்தியும் இல்லை. வழக்கு என்று வந்தால் வேலியை யார் அடைத்தார், கூலி யார் கொடுத்தார், குழை யார் வெட்டினார் என்றுதான் சாட்சிகளைக் கேட்பார்கள். அப்படி இருக்க, எல்லையைத் தொடாமல் செலவை மட்டும் பங்கிடச் சொன்னால் எவர் இணங்குவார்?

தவிசாளர் அன்று செய்த காரியம் எனக்கு இந்த வழக்கில் மிகவும் பிடித்தது. மதிலையும் காணியை அளப்பதையும் ஒத்திவைத்துவிட்டு, ஆடு போகாமல் விழுந்த இடத்தைத் தகரமும் கம்பியும் கொண்டு உடனே மறைப்போம் என்றார். செலவு 6,000. அதற்கு ஒரு தாளில் இப்படி எழுதுவித்தார்: “இந்தத் தற்காலிக அடைப்புக்கு யார் எவ்வளவு கொடுத்தாலும், அது எந்த இடத்தில் நின்றாலும், எல்லை அதுதான் என்று இரு பகுதியாரும் ஒப்புக்கொண்டதாகக் கொள்ளப்படாது.” இருவரும் கையொப்பமிட்டார்கள். அக்கா அங்கேயே 3,000 ரூபாயை எடுத்து வைத்தார். அதற்கு முன் அவரிடமிருந்து ஒரு ரூபாய் வரவில்லை.

அளவை

சேவையரை (நில அளவையாளரை) கொண்டு அளப்பது என்று முடிவானது. கூலி முழுவதையும் சிட்னிக்காரர் தர முன்வந்தார். அக்கா மறுத்துவிட்டார். “அவையின்ர காசில வாறவர் அவையின்ர சேவையர்.” தன் பங்குக்கு இரண்டு கிடாய்க்குட்டிகளை விற்றார். பாதிக்குப் பாதி என்ற அந்தக் கணக்குக்கு இங்கே மட்டும் அவர்தான் பிடியாக நின்றார்.

பிறகு நாடு குறுக்கே வந்தது. 2021இல் மே–யூன் பயணத் தடை, ஓகஸ்ட்–செப்டெம்பர் முடக்கம். 2022இல் எரிபொருள் வரிசை. சேவையர் வந்து அளக்க நாள் தள்ளித் தள்ளிப் போனது. இந்தத் தாமதத்தின் விலையைச் சொல்லத்தான் வேண்டும். 2022 நடுப்பகுதியில் ஒரு பொதி சீமெந்து 3,000 ரூபாயைத் தாண்டியது. மூன்று இலட்ச மதில் ஆறு இலட்சத்துக்கும் மேலே போனது. ஆனால் அதே ஆண்டு மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் இடையில் அமெரிக்க டொலர் 200 ரூபாய் அளவிலிருந்து 360 அளவுக்கு ஏறியது, அவுஸ்திரேலிய டொலரும் அதோடு ஏறியது. சிட்னியிலிருந்து பார்த்தால் மதில் அவ்வளவாக விலை ஏறவில்லை. ஆட்டுப்பால் விற்கிற வீட்டிலிருந்து பார்த்தால் அது எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. ஒரே மதிலுக்கு ஒரே வீதப் பங்கு இருவருக்கும் ஒரே சுமை ஆகாது என்பதை மைத்துனரும் ஒப்புக்கொண்டது இந்தக் காலத்தில்தான். அதன் பிறகு பாதிக் காசுப் பேச்சு எழவில்லை.

அளந்தபோது தெற்கு எல்லைக்கல் அகப்பட்டது. வடக்குக் கல் இல்லை. பழைய உறுதிப் படத்தை வைத்துக் கோடு போட்டார் சேவையர். வடக்கு முனையில் வேலி 11 அங்குலம் கிழக்கு வளவுக்குள் நின்றது. அக்காவின் தாய் சொன்னது சரி. தெற்கே 9 அங்குலம் மேற்கு வளவுக்குள் நின்றது. மைத்துனர் சொன்னதும் சரி!

காரணம் கெட்ட எண்ணம் இல்லை என்றுதான் நினைக்கிறேன். கதியால் பட்டால் பழைய அடிக்கட்டை அந்த இடத்தில் கிடக்கும். புதியதை அதற்குப் பக்கத்தில்தான் நடவேண்டும். தன் வளவில் நின்று நடுகிற மனிதன் கட்டைக்கு இங்கால் நடுவானா, அங்கால் நடுவானா? வடக்குப் பகுதியைப் பெரும்பாலும் மேற்கு வீட்டார் அடைத்தார்கள், அது கிழக்கே போனது. தெற்குப் பகுதியை அக்கா வீட்டார் அடைத்தார்கள், அது மேற்கே வந்தது. ஐம்பது வருடத்தில் வேலி ஒரு மெல்லிய வளைவாகிவிட்டது. கூட்டிக் கழித்தால் இரண்டு பக்கமும் இழந்த நிலம் ஏறக்குறைய ஒன்றே.

இணக்கம்

படம் கையில் வந்தபின் ஒரே அமர்வில் முடிந்தது. சேவையர் போட்ட நேர்கோடே எல்லை. ரோட்டுப் பக்கம் 60 அடிக்கு மதில், அது முழுவதும் மேற்கு வளவுக்குள்ளே நிற்கும், அத்திவாரமும் சேர்த்து. மதிலின் கிழக்கு முகம் கோட்டில் நிற்கும். செலவு முழுவதும் மேற்கு வீட்டாருடையது, மதிலும் அவர்களுடையது. கிழக்கு முகத்தையும் பூசிக் கொடுக்கவேண்டும் என்று அக்கா கேட்டு எழுதுவித்தார். இது சின்ன விஷயமில்லை. கட்டுகிறவர்கள் அயல் பக்கத்தைப் பூசாமல் கல் தெரிய விட்டுவிட்டுப் போவதால் வருகிற மனக்கசப்பு பல ஊர்களில் உண்டு. பூசுவதற்கு மேசன்மார் தன் வளவில் நின்று வேலை செய்ய அவர் இடம் கொடுப்பார். பிடுங்கும் கதியால், பூவரசு மரம் எல்லாம் அவருக்கு.

பின்பக்கம் 39 அடிக்கு மதில் இல்லை. அங்கே உயிர்வேலியே கோட்டில் திருப்பி நடப்படும். செலவு சரிபாதி, இம்முறையும் இனி ஒவ்வொரு முறையும். ஓலையும் கூலியும் என்ன விலையோ அன்றைய விலையில். குழை வெட்டும் உரிமை அக்காவுக்கு, அதற்கு ஈடாக வரிச்சுக் கட்டுகிற வேலையை அவர் பார்த்துக்கொள்வார். முதலில் விழுந்தது ஏறக்குறைய இந்த 39 அடிதான். மதில் பேச்சைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தால், 2021 ஜனவரியில் அக்கா கொடுக்கிறேன் என்று சொன்ன பாதியே கடைசியிலும் நின்றது. விலைதான் ஏறியிருந்தது.

2023இல் மதில் எழும்பியது. பூச்சு இரண்டு பக்கமும்.

சபை சறுக்கிய இடங்கள்

சபையின் மீது எனக்கு இரண்டு குறை உண்டு. முதல் அமர்விலேயே உறுதியையும் படத்தையும் கேட்டிருக்கவேண்டும். தொகையில் பேரம் நடக்கும்போது ஒருவர் ‘சும்மா கட்டித் தருகிறேன்’ என்பதற்கும் மறுக்கிறார் என்றால் அங்கே வேறு ஏதோ இருக்கிறது. அதைப் பிடிவாதம் என்று பெயர் வைத்து ஒரு அமர்வைத் தொலைத்தார்கள்.

மற்றது, மைத்துனரின் அற்றோணித் தத்துவத்தை யாரும் கடைசிவரை வாசிக்கவில்லை. வீட்டைப் பராமரிக்கவும் வாடகை வாங்கவும் கொடுத்த தத்துவத்தில் எல்லைக்கு இணங்கும் அதிகாரம் தானாக வந்துவிடாது. இந்த நிகழ்வில் சிட்னிக்காரர் படத்தைப் பார்த்துத் தன் சம்மதத்தைத் தனியே எழுதி அனுப்பியதால் பிழைத்தது. அனுப்பாதிருந்தால், அவர் ஊருக்கு வந்த ஒரு கோடை விடுமுறையில் எல்லாம் முதலிலிருந்து தொடங்கியிருக்கும்.

ஒரு வேலை இன்னும் கிடக்கிறது. இணங்கியவர்கள் இரண்டு ஆட்கள். பின்வேலிச் செலவு சரிபாதி, குழை கிழக்குக்கு என்ற ஏற்பாடு அவர்களுடைய கடதாசியில் இருக்கிறது, உறுதிகளில் இல்லை. சிட்னிக்காரர் வளவை விற்றால் வாங்குகிறவர் அந்தக் கடதாசியைக் கண்டிருக்கவும் மாட்டார். உறுதி எழுதும் நொத்தாரிசிடம் போய்ப் புதிய படத்தையும் வேலி ஏற்பாட்டையும் சேர்த்து ஒரு எல்லை உடன்படிக்கையாக எழுதிப் பதியலாம் என்று தவிசாளர் சொல்லியிருந்தார். எழுத்துக்கூலியை யார் கொடுப்பது என்று இரு வீட்டாரும் இன்னும் முடிவு செய்யவில்லை.